பூம்புகார் முதல் தலைக்காவிரி வரை: இரண்டு தோழிகள், ஒரு வேகன்ஆர், ஒரு சக்கர நாற்காலி

அரசலாறு (கேள்வி; இங்கே எல்லோரும் ஆற்றின் பெயரையே புனைபெயராக வைத்து எழுதுகிறோம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 68, தோழிக்கு 72. மயிலாடுதுறைப் பக்கம். காவிரி கடலில் கலக்கிற பூம்புகாரில் தொடங்கி, தண்ணீர் வந்த வழியே மேலே போய்த் தலைக்காவிரியில் முடிக்கலாம் என்று திட்டம். மாசியில் கிளம்பலாம் என்று பேச்சு.

தோழிக்கு மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், நாலைந்து அடி வைப்பார். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, காலையில் நீர் பிரிய ஒரு மாத்திரை. எனக்குச் சர்க்கரை, காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். முழங்கால் இரண்டும் தேய்மானம், ஆளைத் தூக்குகிற தெம்பு இல்லை.

வண்டி என்னுடைய வேகன்ஆர், பெட்ரோல். உள்ளூரில் நானே ஓட்டுவேன். இதற்கு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்வேன்.

இந்த வண்டி போதுமா, பெரிய வண்டி வாடகைக்கு எடுக்கணுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்? லாட்ஜில் கழிவறை விஷயத்தை எப்படி உறுதி செய்வது? மருந்தில் எங்கே தவறு நடக்கும்? "இந்த வயசில் எதுக்கு" என்கிற பதில் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது, அது மட்டும் வேண்டாம்.

குடமுருட்டி

அம்மா, ஊர், வழி எல்லாம் பின்னால் பார்க்கலாம். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை காரில் ஏறி இறங்க வேண்டிவரும். எட்டு நாளென்றால் அறுபது தடவை. காலையில் நடக்கிற முதல் மூன்று நாலு நன்றாகவே நடக்கும். சாயங்காலம் களைத்த பிறகு வருகிற ஏழாவதில்தான் கால் மடங்கும். அதனால் முதலில் பழக வேண்டியது அதைத்தான்.

வேகன்ஆர் போதும். ஆள் நின்றபடி பின்னால் சாய்ந்தால் இருக்கை பிட்டத்துக்கு நேராக வர வேண்டும். இந்த வண்டியில் ஏறக்குறைய அப்படி வரும். இன்னோவாவில் மேலே ஏறணும், தாழ்ந்த காரில் பள்ளத்தில் உட்காருவது மாதிரி. பெட்ரோல் என்றது நல்லதாயிற்று. சிஎன்ஜி வண்டியில் டிக்கியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும், நாற்காலிக்கு இடமிருக்காது. யாராவது வெள்ளை போர்டு வண்டியை (சொந்த உபயோகத்துக்கென்று பதிவானது) வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். விபத்தானால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

தோழியை முன் இடது இருக்கையில் உட்காரவையுங்கள். நாற்காலியை, கார் பார்க்கிற திசையிலேயே பார்க்கும்படி, கதவோரமாகச் சற்றே சாய்த்து நிறுத்தி பிரேக் போடுங்கள். இப்போது அவருடைய வலது பக்கம், அதாவது தெம்பான பக்கம், இருக்கையை ஒட்டியிருக்கும். கால்தாங்கி இரண்டையும் கழற்றுங்கள் (மடக்கி மட்டும் விட்டால் கணுக்காலில் இடிக்கும்). எழுந்து, முதுகை இருக்கைக்குக் காட்டித் திரும்பி, தலையைக் குனிந்து உட்கார வேண்டும். இரண்டு காலும் வெளியே இருக்கட்டும். பிறகு வலது கால் உள்ளே. கடைசியில் இடது காலைக் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் பிடித்து உள்ளே வைக்க வேண்டியது டிரைவர்.

உட்கார்ந்தபின் உடம்பு திரும்பாமல் சிக்குவதுதான் பெரிய தொல்லை. துணி உறை போட்ட இருக்கையில் சேலை ஒட்டிக்கொள்ளும். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றை இருக்கையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். திரும்பியதும் பையை உருவிவிடுங்கள். அதை அப்படியே விட்டால் சடன் பிரேக்கில் ஆள் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிப் போவார்.

ஆன்லைனில் விற்கிற, கதவுக் கொக்கியில் மாட்டும் கைப்பிடியைத் தோழிக்காக வாங்காதீர்கள். முன் இடது கதவில் அந்தக் கொக்கி இருக்கைக்குப் பின்பக்கத் தூணில் இருக்கிறது. வெளியே பார்த்து உட்காருகிறவருக்கு அது இடது கைப்பக்கம், அவருக்குப் பயனில்லை. அவருடைய வலது கை டேஷ்போர்டு ஓரத்தையோ முன்தூணையோ பிடிக்கட்டும். திறந்த கதவைப் பிடித்து எழுந்தால் கதவு ஆடும், ஆளும் ஆடுவார். அந்தக் கைப்பிடி உங்கள் முழங்காலுக்குப் பின்கதவில் உதவும், உங்களுக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம், ஏனென்றால் அப்போது பலவீனமான பக்கம் முன்னால் போகிறது. உதவுகிறவர் அவருடைய இடப்பக்கம் நின்று, தன் முழங்காலால் அவருடைய இடது முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டும். பிடிப்பது இடுப்பில் கட்டிய அகலப் பட்டையை. இடது கையைப் பிடித்து இழுப்பதோ, இடது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதோ கூடவே கூடாது. பக்கவாதம் வந்த தோளில் மூட்டு நழுவிப்போகும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். உதவ வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் பிடிப்பது அக்குளைத்தான். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டிரைவர் பேசும்போதே இதெல்லாம் வேலையில் சேர்த்தி என்று சொல்லி, பேட்டாவுக்கு மேல் அதற்குத் தனியாகக் கொடுங்கள். கிளம்புமுன் ஒரு நாள் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். உங்கள் வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வருஷத்துக்கு 50 ரூபாய்ச் சமாச்சாரம், பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

நம் டெல்டாவுக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே ரோட்டோரம் என்பது பாதி இடத்தில் வாய்க்கால் கரை. வண்டியை ஓரங்கட்டினால் இடது கதவு சரிவைப் பார்த்துத் திறக்கும். நாற்காலி நிற்காது, பிரேக் போட்டாலும் சறுக்கும். நிறுத்துவதென்றால் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டப வாசல், கோயில் முன்திடல் மாதிரி சமதளமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

வெண்ணாறு

வழி பற்றி. மாசி சரியான தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை. ஆனி, ஆடியில் குடகில் மழை, பாகமண்டலத்தில் ரோட்டிலேயே தண்ணீர் ஏறும். ஐப்பசி முதல் தேதி துலா சங்கிரமணத்துக்குத் தலைக்காவிரியில் நிற்க இடமிருக்காது. மாசியிலும் இரண்டு நாட்களைத் தவிருங்கள்: மாசி மகத்தன்று கும்பகோணம், சிவராத்திரியன்று எந்தச் சிவன் கோயிலும்.

மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிகிற நேரம். ஊர்ச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், நடுவில் கல் வைத்திருப்பார்கள். கொள்முதல் நிலையம் இருக்கிற ஊரில் டிராக்டர் வரிசை. அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும். அதனால் டெல்டாவுக்குள் காலை 6 முதல் 10 மணிக்குள் ஓட்டம் முடிந்துவிட வேண்டும், இருட்டிய பிறகு வேண்டாம்.

ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், ஒரே ஒரு நாள் மட்டும் 200. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம். அதற்கு மேல் போட்டால் தோழியின் இடது கால் விறைத்து, இறங்கும்போது நிலைகொள்ளாது.

முதல் நாள் பூம்புகார் போய்த் திரும்பிக் கும்பகோணம். கடற்கரையில் மணல் தொடங்குகிற இடத்தோடு நாற்காலி நின்றுவிடும், முன் சிறுசக்கரம் புதையும். ஆகவே கெட்டித்தரை வரைதான் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோயில் 1010ல் முடிந்தது, வெளிப்பிராகாரம் விசாலமான கல்தளம், நாற்காலியில் நன்றாகச் சுற்றலாம். கருவறைக்குப் படி உண்டு. கல்லில் வெறுங்காலோடு தள்ளுகிறவர் நடக்க வேண்டும் என்பதால் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். மதியம் 12லிருந்து 4 வரை பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை அறையில் படுப்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் கல்லணை வழியாகத் திருச்சி. ஆறு காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிற இடம், காரில் உட்கார்ந்தபடியே பார்க்க முடியும். நேரமிருந்தால் முக்கொம்பு. 1836ல் மேலணை கட்டிய இடம், பூங்கா பெரும்பாலும் சமதளம். நாலாம் நாள் திருச்சியில் ஓய்வு. இதை வெட்டாதீர்கள். துணி துவைக்க, மருந்து வாங்க, நாற்காலி ரிப்பேர் பார்க்க ஒரு நாள் வேண்டும். ஸ்ரீரங்கத்துக்குச் சாயங்காலம் போய்வரலாம்.

ஐந்தாம் நாள் திருச்சி, குளித்தலை, கரூர், கொடுமுடி, ஈரோடு, பவானி. குளித்தலை வரைக்கும் ஆறு வலப்பக்கமே கூட வரும், தோழிக்கு முன் இடது இருக்கை என்பதால் டிரைவர் தலையைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் குறை.

பவானியிலிருந்து மைசூர் போக இரண்டு வழி. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழி சுமார் 200 கிலோமீட்டர். மேட்டூர், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் ஓரமாக மைசூர் என்றால் கிட்டத்தட்ட இரு மடங்கு. நான் இரண்டாவதைச் சொல்வேன், நடுவில் ஓசூரில் ஒரு இரவு தங்கி. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையும் அந்த இரண்டாவது வழியில்தான். ஆற்றைத் தொடர்ந்து போகிறவர்கள் அதை விடலாமா? பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை ஊர்களை விட்டு ஒதுங்கிப் போகிறது. கழிவறையோ சாப்பாடோ வேண்டுமென்றால் சர்வீஸ் ரோட்டில் இறங்கணும், அதனால் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

மைசூரிலிருந்து குஷால்நகர், மடிக்கேரி, பாகமண்டலம். அங்கிருந்து தலைக்காவிரி 8 கிலோமீட்டர். வண்டி நிற்கிற இடத்திலிருந்து குளம் வரைக்கும் படிதான். நாற்காலியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். இல்லையென்றால் பாகமண்டலத்துக் கூடுதுறையைப் பயணத்தின் முடிவாக வைத்துக்கொண்டு, தலைக்காவிரித் தீர்த்தத்தைச் சொம்பில் கொண்டுவரச் சொல்லலாம். இதைத் தோழியிடம் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள். படிக்குக் கீழே நின்றுகொண்டு பேசக் கூடாது.

பாஸ்டேக் வருஷ பாஸ் (2025ல் அறிமுகமானபோது 3000 ரூபாய், 200 தடவை) இந்த ஒரு பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

கொள்ளிடம்

வெண்ணாறு சொன்ன மைசூர் வழியில் எனக்கு உடன்பாடில்லை. 200 கிலோமீட்டரை 400 ஆக்கினால் ஒரு இரவும் இன்னொரு லாட்ஜும் கூடுகிறது. புது லாட்ஜ் என்றால் புதுக் கழிவறை. இந்த இருவருக்கும் வளைவைவிட அதுதான் ஆபத்து. திம்பம் ஏற்றம் மொத்தமே முக்கால் மணி நேரம், மெதுவாகப் போனால். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்குத் தலைசுற்றல் குறைவு.

ஆனால் அதற்கும் முறை உண்டு. மலையடிவாரத்துப் பண்ணாரி முதல் மேலே வரை இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. விடிந்ததும் காத்திருந்த லாரிகள் எல்லாம் ஒன்றாக ஏறும். வளைவில் ஒரு லாரி நின்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். ஆகவே காலை ஒன்பதரை வாக்கில் பண்ணாரியைத் தாண்டுங்கள். அமாவாசையன்று வேண்டாம், கோயில் கூட்டம். பண்ணாரியில் கழிவறை போய்விட்டுத்தான் ஏறணும், அடுத்தது ஆசனூர். நடுவில் காட்டில் இறங்கக் கூடாது, யானை இருக்கிறது.

வெண்ணாறு

கொள்ளிடம் சார், புது லாட்ஜ் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்சுலின் போட்டவர் வளைவில் வாந்தி எடுத்தால்? கேள்வி கேட்டவர் பின் இருக்கையில் அல்லவா உட்காரப் போகிறார்.

கொள்ளிடம்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதையே எழுதுகிறேன்.

இன்சுலின் போட்டு, சாப்பிட்டு, அரை மணியில் அதை வெளியே எடுத்துவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். தலைசுற்றலும் வியர்வையும் மலையால் என்று நினைத்துக்கொண்டிருப்போம்; உண்மையில் சர்க்கரைத் தாழ்வாக இருக்கும். அம்மா, மலை ஏறுகிற நாளில் காலை அளவை எப்படி மாற்றுவது, வாந்தி மாத்திரை போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் கைப்பையில், டிக்கியில் அல்ல. 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதிக்கும்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதை 30 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை வெளியே வைக்கலாம். தண்ணீரில் நனைத்து வைக்கும் உறைகளை நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பானைத்தண்ணீர் மாதிரி, ஈரம் ஆவியானால்தான் குளிரும். கரூர், ஈரோட்டு வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். பூம்புகார் பக்கத்துப் பிசுபிசுப்பில் பாதிகூடச் செய்யாது. அங்கே தெர்மாஸ் போதும்: அடியில் ஐஸ் பேக், மேலே இரண்டு மடிப்புத் துண்டு, அதற்கு மேல் மருந்து. ஐஸில் நேராக ஒட்டினால் உறைந்துவிடும். உறைந்து இளகிய இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பார்க்க நன்றாகத் தெரிந்தாலும். லாட்ஜ் ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைப்பதிலும் இதே ஆபத்து.

அடுத்தது நீர் மாத்திரை. வழியில் கழிவறை கிடைக்காதென்று அதை நிறுத்துவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் நம் வீட்டுப் பெண்கள் பயணத்தில் செய்கிற முதல் தவறு. நிறுத்தினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரில் கிருமி, எழுந்ததும் மயக்கம், காலில் ரத்தக்கட்டு. ஃபுரோசெமைடு வகை என்றால் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை ஓடும். ஓட்டம் 11 மணிக்கு முடிகிறதென்றால் அறைக்குப் போன பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரவுக்குத் தள்ளாதீர்கள், அறிமுகமில்லாத அறையில் நடுராத்திரி எழுந்து போவதுதான் விழுவதற்கு வழி.

தோழி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பதால், விழுந்து தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே சிடி ஸ்கேன். மறுபடி பக்கவாத அறிகுறி (வாய் கோணல், பேச்சுக் குழறல், வலது பக்கமும் பலம் குறைதல்) தெரிந்தால் கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரந்தான் கணக்கு, அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. வழியில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்கள்: தஞ்சாவூர், திருச்சி, கரூர், பெருந்துறை, சாம்ராஜ்நகர், மைசூர், மடிக்கேரி. தேசிய நெடுஞ்சாலையில் 1033. ஊர்ச் சாலையில் 108 அல்லது 112.

மருந்துப் பட்டியலை ஆங்கிலத்தில் ஒரு தாளில் அச்சடித்து முன் கதவுப் பையில் வையுங்கள். மருந்தை இரண்டு பையாகப் பிரிக்கணும். ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கும்.

குடகில் மாசிக் காலை குளிரும். பக்கவாதம் வந்த கை கால் குளிரில் இன்னும் இறுகும். அங்கே மட்டும் காலை ஓட்டத்தை எட்டரைக்குத் தள்ளுங்கள்.

நண்டலாறு

லாட்ஜ் விஷயம். போனில் "வீல்சேர் போகுமா" என்று கேட்டால் "தாராளமா போகும் மேடம்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, வாசல் கதவை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பாத்ரூம் கதவை. கதவைத் திறந்து, டேப்பை நிலையின் உள்ளளவில் பிடித்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். நம்மூர் லாட்ஜ்களில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் 24 முதல் 27 அங்குலம், கதவு பலகை பிடிக்கிற இடம் போக இன்னும் குறையும். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண நாற்காலியின் மொத்த அகலமே 25 அங்குலம் வரும். விரல் முட்டிக்கு இடம் வேண்டாமா? புதிதாக வாங்குவதென்றால், தோழி ஒல்லியானவர் என்றால் 16 அங்குல இருக்கை பாருங்கள், இரண்டு அங்குலம் மிச்சம்.

படத்தில் இன்னும் பார்க்க வேண்டியவை: பாத்ரூம் தரை அறையைவிடப் பள்ளமா மேடா, எத்தனை அங்குலம், கதவு உள்ளே திறக்கிறதா (உள்ளே திறந்தால், விழுந்த ஆள் கதவை அடைத்துக்கொள்வார், வெளியிலிருந்து திறக்க முடியாது), வெஸ்டர்ன் கோப்பையின் வலப்பக்கம் சுவர் இருக்கிறதா, கை ஊன்ற, ஹேண்ட் ஷவர் எந்தப் பக்கம். தோழிக்கு இடது கை வராததால் அது வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். இடப்பக்கம் என்றால் ஒரு மக்கும் வாளியும் வலதுபுறம் வைத்துக்கொள்ளுங்கள்.

தரைத்தளம் கேளுங்கள், லிஃப்ட் இருந்தாலும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாசலில் எத்தனை படி என்பதும் முக்கியம். சரிவுப்பலகைக்குக் கணக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 7 அங்குலப் படி ஒன்றுக்கே 7 அடிப் பலகை வேண்டும், அதை வேகன்ஆரில் எங்கே வைப்பது? 3 அங்குல நிலைப்படிக்கு 3 அடிப் பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அது டிக்கியில் குறுக்காகக் கிடக்கும். அதற்கு மேல் இரண்டு ஆள் தூக்கு: ஒருவர் பின் கைப்பிடியில், மற்றவர் முன்னால் குழாய்ச் சட்டத்தில். கால்தாங்கியையோ கைதாங்கியையோ பிடித்துத் தூக்கினால் அது கழன்று கையோடு வந்துவிடும், நாற்காலி கீழே போகும். கைதாங்கி கழற்றக்கூடியதா என்று டிரைவருக்குக் காட்டிவையுங்கள்.

நாற்காலியின் முன்சக்கரம் 8 அங்குலம் இருக்கட்டும். 5 அங்குலச் சக்கரம் கோயில் கல்தள இடுக்கில் மாட்டி, நாற்காலி நின்று, ஆள் முன்னால் சரிவார். இடுக்கு, மணல், சல்லி எது வந்தாலும் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். பின்சக்கரம் காற்று டயர் என்றால் டயரில் எழுதியிருக்கும் அளவில் ஒரு டியூப் கையோடு வேண்டும். பஞ்சர் எந்தச் சைக்கிள் கடையிலும் ஒட்டுவார்கள், டியூப்தான் எல்லா இடத்திலும் இருக்காது. சில கோயில்களில் வெளிநாற்காலியை விடமாட்டார்கள், கோயில் நாற்காலிக்கு மாறச் சொல்வார்கள். அப்போது உங்கள் இருக்கை மெத்தையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடை: சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரக் கம்பியில் சுற்றும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட், தொடை வரை டாப்ஸ் வசதி. கோயிலுக்கு மட்டும் சேலை, முந்தானையை இடுப்பில் செருகி.

கட்டாயம் வாங்க வேண்டிய ஒன்று: மடக்குகிற கமோடு நாற்காலி, உயரம் மாற்றக்கூடியது, அடியில் வாளியோடு. நாலைந்து கிலோதான். ராத்திரி கட்டிலோரம் வைத்தால் பாத்ரூம் போகும் வேலையே இல்லை. உயரத்தைத் தோழியின் முழங்காலுக்குச் சற்று மேலே வையுங்கள். பின் இருக்கையில் பாதியை மடக்கினால் அதுவும் சக்கர நாற்காலியும் சேர்ந்து போகும், நீங்கள் டிரைவருக்குப் பின்னால் அல்லது தோழிக்குப் பின்னால் எந்தப் பக்கம் மடங்காமல் இருக்கிறதோ அங்கே. இறங்குவதற்கு இடப்பக்கம் நல்லது.

அரசலாறு

எல்லோருக்கும் நன்றி. வழி விஷயத்தில் கொள்ளிடம் சார் சொன்னபடி திம்பம், திரும்பும்போது மேட்டூர் பார்த்துக்கொண்டு வருகிறோம். தலைக்காவிரிப் படி பற்றித் தோழியிடம் பேசினேன், தூக்கு வேண்டாம், சொம்பு போதும் என்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. திருச்சி லாட்ஜ் அனுப்பிய படத்தில் பாத்ரூம் கதவு சரியாக 24 அங்குலம், அரை அங்குலப் படி. எங்கள் நாற்காலி 25. மற்றபடி அறை நன்றாக இருக்கிறது, தரைத்தளம், வலப்பக்கம் சுவர். விட்டுவிடவா?

நண்டலாறு

விடாதீர்கள். கமோடு நாற்காலி வாங்கும்போது நாலு சிறுசக்கரம் வைத்ததாகக் கேளுங்கள். மொத்த அகலம் 21, 22 அங்குலத்தில் கிடைக்கும், கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். கட்டிலில் இருந்து அதற்கு மாறி, அதிலேயே பின்பக்கமாக இழுத்து பாத்ரூமுக்குள் போய், வாளியை எடுத்துவிட்டுக் கோப்பைக்கு மேலேயே நிறுத்திவிடலாம். கோப்பை உயரத்தை மட்டும் லாட்ஜில் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியின் அடிச்சட்டம் அதற்கு மேல் ஒரு அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பின் இரண்டுக்கு மட்டும் பூட்டு வைத்தது ஈரத்தரையில் சுழலும்.